கடல் பழகாத ரோம், கார்த்தேஜைக் கடலில் வென்றது எப்படி?

இரணியல் டீச்சர்

பள்ளிக் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ரோமுக்கும் வட ஆப்பிரிக்கக் கரையின் கார்த்தேஜ் நகர அரசுக்கும் நடந்த முதல் பியூனிக் போரை (கி.மு. 264–241) எடுத்திருக்கிறார்கள். ஒரு வரைபடம், ஒரு கால அட்டவணை, ரோமானியர் கப்பலில் பொருத்திய ‘கோர்வஸ்’ என்ற பாலத்தின் மாதிரி, இந்த மூன்றும் வைக்கிறோம். நாலு இடத்தில் தட்டுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1. ரோமுக்குக் கடற்படையே கிடையாது, கரைதட்டிய ஒரு கார்த்தேஜ் கப்பலைப் பார்த்து 60 நாளில் 100 கப்பல் கட்டினார்கள் என்று படித்தோம். எங்க வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடற்கரை ஊர்க்காரர்கள். ஒரு வள்ளம் கட்டி இறக்க எவ்வளவு நாளாகும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

2. தெர்மோகோலில் கப்பல், மூங்கில் கம்பு, ஐஸ் குச்சிகளை ஒட்டிய பலகை. பாலத்தை மேலே தூக்கினால் அதன் வால் தளத்தில் இடித்து நின்றுவிடுகிறது. அளவு தப்பா, அமைப்பு தப்பா?

3. கோர்வஸ் அவ்வளவு நல்ல கருவி என்றால் பிறகு ஏன் காணாமல் போனது?

4. பக்கத்தில் குளச்சல் போரை வைத்து ‘இரண்டும் ஒன்றுபோல’ என்று அட்டை எழுதலாமா?

வேளிமலை

டீச்சர், பிள்ளைகள் சந்தேகப்படுவது நல்லது. ‘ரோமுக்குக் கடலே தெரியாது’ என்பது பாதி உண்மைதான். கி.மு. 311-லேயே கப்பல்களைக் கவனிக்க இரண்டு அதிகாரிகளை ரோம் நியமித்திருக்கிறது. 264-ல் இத்தாலிக்கும் சிசிலித் தீவுக்கும் இடையிலுள்ள மெஸ்ஸானா நீரிணையைப் படை கடந்தது தாரெந்தும், லோக்ரி, வேலியா, நேப்பிள்ஸ் ஆகிய தென் இத்தாலியக் கிரேக்க நகரங்களிடம் இரவல் வாங்கிய கப்பல்களில். கப்பல் தச்சர்களும் மாலுமிகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள் என்று அர்த்தம். இல்லாதது குவின்குரீம் என்ற பெரிய போர்க்கப்பல் மட்டும். அந்தக் கடப்பைத் தடுக்க வந்த கார்த்தேஜ் கப்பல் ஒன்று வேகத்தில் தரைதட்டி ரோமானியர் கையில் சிக்கியது. அதைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்கிறார் அடுத்த நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். 260-ல் கட்டியது 100 குவின்குரீம், 20 ட்ரைரீம் (அதைவிடச் சிறிய போர்க்கப்பல்).

குவின்குரீம் என்றால் ஐந்து அடுக்குத் துடுப்பு என்று படம் வரைந்துவிடாதீர்கள். ஐந்து என்பது ஆள் கணக்கு. மேலடுக்குத் துடுப்பில் இருவர், நடு அடுக்கில் இருவர், கீழே ஒருவர் என்று மூன்று அடுக்காக இருந்திருக்கும் என்பதே இன்று பலரும் ஏற்கும் அமைப்பு. ரோமுக்கு இதில் ஒரு பெரிய வசதி. ட்ரைரீமில் ஒரு துடுப்புக்கு ஒரே ஆள், எல்லாரும் கைதேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு துடுப்பை இருவர் பிடித்தால் ஒருவன் தெரிந்தவனாக இருந்தால் போதும், மற்றவன் பலம் கொடுத்தால் சரி. வயலிலிருந்து கூட்டி வந்த ஆளை வைத்துக் கப்பல் ஓட்ட முடிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

60 நாள், அதுவும் மரம் வெட்டிய நாளிலிருந்து, என்பது பிற்கால ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கு. அந்தக் கால மத்தியதரைக் கடல் தச்சுமுறை தெரிந்தால் நம்பலாம். முதலில் வெளிப்பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்ப்பார்கள். இரண்டு விளிம்பிலும் துளை வெட்டி, இடையில் நாக்குக்கட்டை செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவார்கள். உள்ளே விலாக்கட்டை வைப்பது அதற்குப் பிறகு. சிசிலியின் மர்சாலா அருகே 1971-ல் தோண்டத் தொடங்கிய கார்த்தேஜ் கப்பல் ஒன்றின் மரத்தில் எந்தக் கட்டை எங்கே வரும் என்பதற்குப் பியூனிக் எழுத்துகளால் அடையாளம் போட்டிருக்கிறது. கப்பலைத் துண்டு துண்டாகச் செய்து சேர்க்கும் வழக்கம் கார்த்தேஜில் இருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. அப்படிப்பட்ட அச்சு ஒன்று கையில் கிடைத்துவிட்டால் பலகை அறுப்பவன் பலகை மட்டும் அறுக்கலாம், நாக்குக்கட்டை செதுக்குபவன் அதை மட்டும் செதுக்கலாம். ஒரு வள்ளத்தை ஒரு ஆசாரி தொடக்கம் முதல் கடைசி வரை கட்டுவதோடு இதை ஒப்பிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கப்பல் கட்டுகிற அதே நேரத்தில் ஆளையும் பழக்கினார்கள். கப்பலில் இருக்கும் வரிசைப்படியே தரையில் இருக்கை போட்டு உட்கார வைத்து, நடுவில் தாளம் சொல்பவனை நிறுத்தி, எல்லாரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து கையை இழுப்பது, ஒன்றாக முன்னால் குனிந்து கையை நீட்டுவது. இந்தக் காட்சியை வைத்தால் பார்க்க வருபவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அவசரத்துக்குக் கொடுத்த விலை: கப்பல்கள் கனமாகவும் மந்தமாகவும் இருந்தன. காயாத மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் அடி உடனே விழுந்தது. 260-ல் கொன்சல் (ரோமின் ஆண்டுத் தலைவர், படைக்கும் தலைவர்) நேயஸ் கொர்னேலியஸ் சிப்பியோ 17 கப்பலோடு லிப்பாரா தீவுத் துறைமுகத்துக்குள் போய் மாட்டிக்கொண்டு சிறைப்பட்டார். அவருக்கு ஒட்டிய பட்டப்பெயர் ‘அசினா’, பெண் கழுதை என்று பொருள். மந்தமான கப்பலால் எதிரியைச் சுற்றி வந்து முட்டிக் கவிழ்க்க முடியாது. எதிரி முட்ட வரும்போது அவனைப் பிடித்து நிறுத்திவிட்டால் கடலிலும் தரைச் சண்டை போடலாம். கோர்வஸ் அதற்குத்தான். பெயருக்குப் பொருள் காக்கை.

உங்கள் மாதிரியில் அமைப்புதான் சிக்கல். பொலிபியஸ் தரும் அளவும், அதை 1:20 ஆகக் குறைத்ததும் இது:

கம்பம்: உயரம் 24 அடி, விட்டம் மூன்று உள்ளங்கை அகலம். மாதிரியில் 36.5 செ.மீ. உயரம், 1.1 செ.மீ. விட்டம். உச்சியில் ஒரு கப்பி.

பாலம்: நீளம் 36 அடி, அகலம் 4 அடி, பலகைகள் குறுக்குவாட்டில் ஆணி அடித்தவை. மாதிரியில் 55 செ.மீ., 6 செ.மீ.

துளை: பாலத்தின் உள்முனையிலிருந்து 12 அடியில் கம்பத்தைச் சுற்றி ஒரு நீள்துளை. மாதிரியில் 18 செ.மீ.

கைப்பிடிச் சுவர்: இரு பக்கமும் முழங்கால் உயரம். மாதிரியில் 2.5 செ.மீ. போதும்.

முனை: உலக்கை வடிவில் கூர்மையான இரும்பு, அதன் தலையில் வளையம், வளையத்திலிருந்து கயிறு கப்பி வழியாகக் கீழே.

36 அடிப் பலகை ஒரே துண்டாக இருந்தால், 12 அடியில் ஊன்றித் தூக்கும்போது உள்பக்கம் இருக்கும் 12 அடி வால் தளத்துக்குள்தான் போக வேண்டும். உங்களுக்கு இடித்தது அதுதான். ஆய்வாளர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். எனக்குச் சரியாகப்படுவது இரண்டு துண்டுத் தீர்வு: உள்பக்கம் 12 அடி தளத்தோடு படுத்தே இருக்கும், வெளிப்பக்கம் 24 அடி கீலில் மடங்கி எழும். எழுந்து நிற்கும் 24 அடியும் கம்பத்தின் 24 அடியும் சரிக்குச் சரி பொருந்துவதைப் பாருங்கள். அளவுகள் தற்செயலாக அப்படி அமையாது.

செய்யும் முறை: 18 செ.மீ. துண்டில் நீள்துளை வெட்டிக் கம்பத்தில் மாட்டுங்கள், ஒட்ட வேண்டாம், அது கம்பத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். இடது, வலது எந்தப் பக்கம் எதிரி வந்தாலும் பாலத்தைத் திருப்பிப் போட்டார்கள். 37 செ.மீ. துண்டைக் காடாத் துணியால் கீல் போட்டுச் சேருங்கள். காகிதக் கீல் பத்துத் தடவையில் கிழியும். கப்பிக்குத் தையல் நூல் உருண்டையின் நடுக்குழல் போதும். குவின்குரீமை 40 மீட்டர் என்று வைத்தால் முழுக் கப்பல் மாதிரி 2 மீட்டர் வரும், மேசை கொள்ளாது. அணியம் பகுதியை (கப்பலின் முன்பகுதி) மட்டும் 60 செ.மீ.க்குச் செய்யுங்கள்.

இந்தக் கருவியோடு போன கையஸ் துயீலியஸ் 260-ல் மைலே அருகே 130 கார்த்தேஜ் கப்பல்களைச் சந்தித்தார். ரோமானியர் பழகாதவர்கள் என்ற அலட்சியத்தில் அவர்கள் வரிசைகூடக் கட்டாமல் நேராக வந்தார்கள். முதலில் வந்த 30 கப்பலும் சிக்கின, தளபதியின் கப்பலும் அதில் ஒன்று. மொத்தம் 50 போயின. பிடித்த கப்பல்களின் முட்டுமுனைகளை (எதிரிக் கப்பலை முட்ட முகப்பில் மாட்டும் உலோக முனை) பதித்த தூண் ஒன்று ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் எழுந்தது.

முட்டம் கச்சான்

டீச்சருக்கு வணக்கம். மூணாவது கேள்விக்குக் கடலாக்கும் பதில்.

வேளிமலை அண்ணாச்சி குடுத்த அளவை வச்சே கணக்குப் பாருங்க. ரெண்டு இஞ்சுப் பலகைன்னாலும் பாலத்துக்குப் பலகை மட்டும் 350, 400 கிலோ. கம்பம் 150-க்குக் குறையாது. அதுக்க மேல இரும்பு, கயிறு, கைப்பிடி. இத்தனையும் அணியத்துல, அதுவும் நட்டமா நிக்குது. பக்கவாட்டுல அலை அடிச்சா கப்பல் சரியும், சரிஞ்சா நிமிர நேரம் எடுக்கும். 256-ல சிசிலிக்கத் தெக்கே நடந்த எக்னோமஸ் கடல் சண்டை வரைக்கும் பொலிபியஸ் கோர்வஸைப் பத்திச் சொல்லுதாரு. அதுக்குப் பொறவு ஒரு இடத்துலயும் சொல்லல்ல. நடுவுல வந்தது 255-ல சிசிலிக்கத் தெக்குக் கரையில கமரினா ஊருகிட்ட அடிச்ச புயல். அதனால கோர்வஸ்தான் கப்பலைக் கவுத்துச்சு, அதைக் கண்டு கழட்டிப் போட்டாவன்னு பலரும் எழுதுதாவ.

எனக்கு அது பாதிதான் சரின்னு படுது. நடந்ததைப் பாருங்க.

255-ல ஆப்பிரிக்காவுல தோத்துப்போன ரோமானியப் படையில மிச்சம் இருந்தவங்களை ஏத்த 350 கப்பல் போச்சு. போற வழியில கார்த்தேஜ்காரனை ஜெயிச்சு 114 கப்பலைப் பிடிச்சாவ. திரும்பும்போது சிசிலிக்கத் தெக்குக் கரையை ஒட்டி வரணும்னு கொன்சல்களுக்கு ஆசை. வழியில இருக்க ஊருகளை மிரட்டிப் பணியவைக்கலாம்னு கணக்கு. ‘அந்தப் பக்கம் வேண்டாம், ஒதுங்க இடம் கெடையாது. இப்ப ஓரையன் எழுந்து சிரியஸ் எழுறதுக்கு எடைப்பட்ட காலம், கடலை நம்ப முடியாது’ன்னு வழிகாட்டி மாலுமிக திரும்பத் திரும்பச் சொன்னாவ. நம்ம திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற கூட்டந்தான் ஓரையன். மாசம்னு பாத்தா ஜூலை, நமக்கு ஆனிக் கடைசி ஆடி. கொன்சல்க கேக்கல்ல. கமரினாகிட்ட வரும்போது புடிச்சுது. பொலிபியஸ் குடுக்கிற கணக்குல 364 கப்பல்ல மிஞ்சுனது 80. பிடிச்ச கப்பல்கள்ல முழு ஆள் இருந்திருக்காது, ஆனாலும் ஒரு கப்பலுக்கு 300 பேர் தண்டு வலிக்கிற காலம் அது. எத்தனை ஆயிரம் உசுருன்னு நெனச்சுப் பாருங்க.

தெக்குக் கரை ஏன் மோசம்? வரைபடத்துல காட்டுங்க. தெக்கேயிருந்தும் தென்மேக்கேயிருந்தும் வர்ற காத்துக்கு அந்தக் கரை நெஞ்சைக் காட்டிக்கிட்டு நிக்குது. வடக்குக் கரையில காத்து மாறினா உள்ள ஒதுங்க வளைவு உண்டு. தெக்கே பாறையும் திட்டும். கரைக்காத்துல நங்கூரம் இழுத்தா பொறத்த போக வழியில்லாம கரையிலதான் போய் ஏறும். ஆடியில கச்சான் அடிக்கும்போது நம்ம மேக்குக் கரையில எறங்குனா என்ன ஆகும்னு உங்க பிள்ளைகளுக்கே தெரியும், அதைச் சொல்லி வெளங்க வையிங்க.

சரி, அதோட படிச்சாவளா? 253-ல கொன்சல்க ஆப்பிரிக்காவுக்க சிர்த்திஸ் வளைகுடாவுக்குப் போனாவ. மத்தியதரைக் கடல்ல மத்த எடத்துல ஏத்த வத்தம் பெருசாத் தெரியாது, அந்த வளைகுடாவுல மட்டும் நல்லாத் தெரியும். இது தெரியாம உள்ள போய், தண்ணி வத்தி, கப்பல்க தரையில உக்காந்துட்டு. திரும்பத் தண்ணி ஏறும்போது கனமான சாமானெல்லாத்தையும் வெளிய எறிஞ்சுட்டுத்தான் தப்பிச்சாவ. அதே பயணத்துல பனோர்முஸ்லேர்ந்து (சிசிலிக்க வடக்குக் கரைத் துறைமுகம்) ரோமுக்குக் கரையை ஒட்டாம நடுக்கடல்ல நேராப் போய் இன்னும் 150-க்கு மேல கப்பலைக் கடலுக்குக் குடுத்தாவ.

249-ல திரும்பவும் அதே கமரினாப் பக்கம். அங்க ரெண்டு தரப்பும் இருந்துச்சு. கார்த்தேஜ் தளபதி கர்த்தாலோவுக்க மாலுமிக வானத்தைப் பாத்து ‘புயல் வருது, பக்கினஸ் முனையைச் (சிசிலிக்கத் தென்கிழக்கு மூலை) சுத்தி அந்தப் பக்கம் போயிருவோம்’ன்னு சொன்னாவ, அவரு கேட்டாரு, தப்பிச்சாரு. ரோமானியருக்க கப்பல்க அங்கயே நின்னு நொறுங்கிப் போச்சு.

253-லயும் 249-லயும் கோர்வஸ் இருந்ததாப் பேச்சே இல்ல. ஆனாலும் கப்பல் போச்சு. அதனால பாலத்து மேல மட்டும் பழியைப் போட முடியாது. போன காலமும் போன வழியும் தப்பு. ரோமானியருக்கு எதையும் பலத்தால சாதிச்சுரலாம்னு ஒரு நெனப்பு, ஆளுகிட்ட அது பலிக்கும், கடல்கிட்டயும் காத்துகிட்டயும் பலிக்காதுன்னு பொலிபியஸே இந்த எடத்துல எழுதியிருக்காரு. அட்டையில ‘கோர்வஸால் கப்பல்கள் கவிழ்ந்தன’ன்னு எழுதாம, ‘எக்னோமஸுக்குப் பின் கோர்வஸ் பற்றிய குறிப்பு இல்லை’ன்னு எழுதுங்க.

இரணியல் டீச்சர்

வேளிமலை சார், கீல் போட்டோம், எழும்புகிறது. நன்றி. முட்டம் அண்ணன் சொன்ன நட்சத்திரக் கணக்கைப் பிள்ளைகள் தனி அட்டையாக எழுதுகிறார்கள்.

இப்போது புதுக் கேள்வி. இத்தனை கப்பலைக் கடலுக்குக் கொடுத்த பிறகும் ரோம் ஏன் விடவில்லை? பணமும் ஆளும் எங்கிருந்து வந்தது? கோழி சாப்பிடவில்லை என்று கடலில் எறிந்த கதையை அட்டவணையில் சேர்க்கலாமா?

பறளியாறு

டீச்சர், கோழியை முதலில் முடித்துவிடுகிறேன். 249-ல் சிசிலியின் மேற்குக் கரைத் துறைமுகமான ட்ரெப்பானாவில் நடந்த சண்டைக்கு முன், சகுனம் பார்க்க வைத்திருந்த புனிதக் கோழிகள் தீனி எடுக்காததைக் கண்ட கொன்சல் புப்ளியஸ் கிளாடியஸ் புல்க்கர் ‘சாப்பிடாவிட்டால் குடிக்கட்டும்’ என்று கடலில் எறிந்தார் என்பது பிற்காலத்தில் சொல்லப்பட்டது. பொலிபியஸ் அதைச் சொல்லவில்லை. அவர் சொல்வது ராணுவத் தவறு. புல்க்கர் இரவில் கிளம்பி, விடியும்போது கப்பல்களைத் துறைமுக வாய்க்குள் நுழைத்தார். உள்ளே இருந்த கார்த்தேஜ் தளபதி அத்ஹெர்பால் மறுபக்கமாக வெளியேறித் திறந்த கடலுக்குப் போய்விட்டார். உள்ளே போனவற்றைத் திரும்பச் சொல்ல, பின்னால் வந்தவை முன்னால் வர, வாயிலிலேயே ஒன்றோடு ஒன்று மோதித் துடுப்புகள் முறிந்தன. சமாளித்து வரிசை கட்டியபோது ரோமானியரின் முதுகுக்குப் பின் கரை. பின்வாங்கித் திரும்ப இடமில்லை. 93 கப்பல் ஆளோடு பிடிபட, புல்க்கர் சுமார் 30 கப்பலோடு தப்பினார். கோழிக் கதையை ‘பின்னாளில் சொன்ன கதை’ என்று தலைப்பிட்டுத் தனியாக வையுங்கள். அந்தத் தோல்வி ரோமில் எவ்வளவு ஆறாத புண்ணாக இருந்தது என்று காட்ட இன்னொன்று உண்டு. 246-ல் கூட்ட நெரிசலில் மாட்டிய புல்க்கரின் சகோதரி கிளாடியா, ‘என் சகோதரன் உயிரோடு வந்து இன்னொரு கப்பற்படையைத் தோற்றால் இந்தக் கூட்டம் குறையும்’ என்ற பொருளில் பேசியதற்காக 25,000 ஆஸ் (ரோமானிய வெண்கலக் காசு) அபராதம் விதித்தார்கள்.

இனி உங்கள் கேள்வி. ரோமின் குடிமக்கள் கணக்கெடுப்பு 252-ல் 2,97,797. 247-ல் சுமார் 2,41,000. குறைந்த தொகை முழுவதும் போரில் செத்தவர்கள் என்று எடுக்கக் கூடாது, ஆனாலும் அடி எவ்வளவு பலம் என்று தெரிகிறது. இதற்கு மேலாக, கப்பம் கேட்காமல் ஆள் கேட்கும் உடன்பாடு இத்தாலிய நகரங்களோடு ரோமுக்கு இருந்தது. ரோமின் கூட்டாளி என்றால் ஆண்டுதோறும் படைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்த ஊற்று வற்றவே இல்லை. கார்த்தேஜ் கூலிப்படையை நம்பியது, அதற்கு வெள்ளி வேண்டும்.

அரசியல் அமைப்பும் வேலை செய்தது. ஆண்டுக்கு இரண்டு புதிய கொன்சல்கள், ஒவ்வொருவருக்கும் கையில் பன்னிரண்டு மாதம். அதற்குள் வெற்றி ஊர்வலம் கிடைத்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒரு அவசரம். முட்டம் அண்ணன் சொன்ன மாலுமி பேச்சு கேளாமையும் அங்கிருந்துதான் வருகிறது. சிசிலிக் கடலில் அனுபவப்பட்ட கொன்சல் அடுத்த ஆண்டு வீட்டில் இருப்பார், கடல் பார்க்காத இன்னொருவர் வருவார். இதே அமைப்பால்தான் தோல்வி ஒரு ஆளோடு போய்விடும், போர் தொடரும். கார்த்தேஜில் தளபதி ஆண்டுக்கணக்கில் நீடிப்பார், தோற்றால் சிலுவையில் அறையும் அபாயமும் உண்டு. துணிந்து எதையும் முயலமாட்டார்.

அதற்காக ரோம் தளரவே இல்லை என்று எழுதினால் தப்பு. 255 புயலுக்குப் பிறகு மூன்று மாதத்தில் 220 கப்பல் கட்டினார்கள். 253-க்குப் பிறகு 60 கப்பலோடு நிறுத்தினார்கள். 249-க்குப் பிறகு பெரிய கப்பற்படையே இல்லை. கார்த்தேஜும் அப்போது முடித்திருக்கலாம். ஆனால் அது ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் வேறொரு போரில் காசை இறக்கிக்கொண்டிருந்தது. எகிப்தின் இரண்டாம் தாலமியிடம் 2,000 தாலந்து (ஒரு தாலந்து சுமார் 26 கிலோ வெள்ளி) கடன் கேட்டுக் கிடைக்கவில்லை. சிசிலியில் கார்த்தேஜ் தளபதி ஹமில்கார் பார்கா மட்டும் குன்றுகளைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆண்டு சமாளித்தார். அவருக்குக் கப்பல் அனுப்பாமல் விட்டதுதான் கார்த்தேஜ் செய்த பெரிய தவறு என்பேன்.

242-ல் ரோமின் கருவூலம் காலி. வசதியுள்ள குடிமக்கள் ஒருவராகவோ இருவர் மூவர் சேர்ந்தோ ஒவ்வொரு குவின்குரீமுக்குச் செலவை ஏற்றார்கள், ஜெயித்தால் அரசு திருப்பித் தரும் என்ற பேச்சில். அப்படி 200 கப்பல் வந்தது. இந்தத் தடவை அச்சும் வேறு. மேற்குச் சிசிலியில் கார்த்தேஜின் துறைமுகமான லிலிபேயத்தை ரோம் முற்றுகையிட்டபோது, அதை மீறி உள்ளே போய் வந்துகொண்டிருந்த ‘ரோட்ஸ்காரன்’ ஹனிபாலின் வேகக் கப்பலைப் பிடித்து, அதைப் பார்த்துக் கட்டினார்கள். (மலைமேல் யானை ஏற்றிய ஹனிபால் இவர் அல்ல, மைலேயில் தோற்ற ஹனிபாலும் வேறு. கார்த்தேஜில் அந்தப் பெயர் மலிந்தது. பிள்ளைகள் கட்டாயம் குழம்புவார்கள்.) கொன்சல் கையஸ் லுத்தாத்தியஸ் கத்துலஸ் ஆட்களைத் தினமும் கடலில் பழக்கினார்.

241 மார்ச் 10, சிசிலிக்கு மேற்கே ஏகாத்திஸ் தீவுகள். கார்த்தேஜின் 250 கப்பல் தானியம் ஏற்றி வருகிறது. திட்டம் இது: சரக்கை ஹமில்காரிடம் இறக்கி, அவருடைய நல்ல வீரர்களை ஏற்றிக்கொண்டு, பிறகு சண்டை. அன்று காற்று கார்த்தேஜுக்குப் பின்னாலிருந்து, ரோமானியருக்கு எதிர்முகத்தில், அலையும் பெரிது. கத்துலஸ் இரண்டையும் எடைபோட்டார். இன்று சண்டை போட்டால் எதிர்க்காற்று, ஆனால் எதிரி பாரம் ஏற்றிய கப்பலோடும் பழகாத ஆளோடும் வருகிறான். காற்று மாறட்டும் என்று விட்டால் எதிரி பாரம் இறக்கி, வீரரை ஏற்றி, ஹமில்காரையும் கூட்டி வருவான். இன்றே என்று முடிவு. 50 கப்பல் மூழ்கியது, 70 பிடிபட்டது, சுமார் 10,000 பேர் சிறை. தேவையில்லாத கனத்தையெல்லாம் ரோமானியர் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். 260-ல் ரோம் கனம், கார்த்தேஜ் லேசு. 241-ல் அப்படியே தலைகீழ். உங்கள் அட்டவணையில் இந்த இரண்டு வரிசையையும் அடுத்தடுத்து வைத்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

அந்தத் தீவுகளில் ஒன்றான லெவான்சோவுக்கு அருகே கடலடியிலிருந்து அந்தச் சண்டையின் வெண்கல முட்டுமுனைகள் 20-க்கு மேல் எடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் வேலையைச் சரிபார்த்த ரோமானிய அதிகாரிகளின் பெயர் லத்தீனில் வார்த்திருக்கிறது. 60 நாள் கப்பலை நம்பாத பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், அரசு மேற்பார்வையில் வரிசையாக உற்பத்தி நடந்ததற்கு இதைவிடக் கைக்கு அகப்படும் சான்று இல்லை.

கடைசியாக உடன்படிக்கை. கத்துலஸ் பேசியது: சிசிலியை விட்டு வெளியேற வேண்டும், 2,200 தாலந்து வெள்ளி 20 ஆண்டில். ரோமின் மக்கள்மன்றம் ஏற்காமல் பத்துப் பேரை அனுப்பியது. அவர்கள் உடனடியாக 1,000 தாலந்து சேர்த்து, தவணையைப் பத்து ஆண்டாகச் சுருக்கினார்கள். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கக் கார்த்தேஜிடம் காசில்லை. படை கலகம் செய்தது, 237 வரை அது அணையவில்லை. அந்த நெருக்கடியில் ரோம் சார்டினியாவையும் பறித்து, மேலும் 1,200 தாலந்து கேட்டது. ஹமில்கார் தன் மகன் ஹனிபாலை (மலைமேல் யானை ஏற்றியவர் இவர்தான்) கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனது 237-ல். ஆகவே அட்டவணையை 241-ல் முடிக்காதீர்கள், 237 வரை இழுங்கள். அடுத்த போர் ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள்.

வட்டக்கோட்டை

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. ‘ஒன்றுபோல’ என்று எழுத வேண்டாம் டீச்சர். குளச்சலில் 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை வென்றது கரை இறங்கியிருந்த டச்சுக் கம்பெனிப் படையை. அது கரையில் நடந்த சண்டை. திருவிதாங்கூர் கப்பற்படை கட்டி டச்சுக்காரரைக் கடலில் துரத்தவில்லை. ரோம் எதிரி பலமாக இருந்த இடத்துக்கே, கடலுக்கே போனது. அதுதான் பெரிய வித்தியாசம்.

ஒப்பிட ஒரு இடம் உண்டு, அதை எழுதுங்கள். இரண்டு பேருமே தோற்ற எதிரியின் கைத்திறனை எடுத்துக்கொண்டார்கள். ரோம் எடுத்தது கப்பலை: முதலில் தரைதட்டிய குவின்குரீம், பிறகு ரோட்ஸ்காரனின் வேகக் கப்பல். திருவிதாங்கூர் எடுத்தது ஆளை. சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கி ‘வலிய கப்பித்தான்’ ஆனார், 1777-ல் இறந்தார். கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். இரணியலிலிருந்து பக்கம்தானே, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். முட்டுமுனை மேல் இருப்பதும் லத்தீன், கல்லறை மேல் இருப்பதும் லத்தீன் என்றால் அவர்களே உற்றுப் பார்ப்பார்கள்.

வேளிமலை

டீச்சர், கீல் சரியாகிவிட்டது என்றீர்கள், இன்னும் இரண்டு. பாலம் விழும்போது எதிரிக் கப்பலின் தளம் தெர்மோகோலாக இருந்தால் நாலாவது தடவையில் ஓட்டையாகிவிடும், பாலத்தின் முனையில் வைத்த ஆணி பிடிக்காது. தளத்தின் மேல் நெளி அட்டை ஒரு தாள் ஒட்டுங்கள், ஆணி குத்தி நிற்கும். பாலத்தைக் கயிற்றைப் பிடித்து மெதுவாக இறக்கினால் குத்தாது, கயிற்றைச் சட்டென்று விட வேண்டும். ரோமானியர் செய்ததும் அதுதான்.

பொம்மை வீரர்களைப் பாலத்தில் இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். முதல் இருவர் கேடயத்தை முன்னால் பிடிக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் கேடயத்தின் அடி விளிம்பைக் கைப்பிடிச் சுவர் மேல் ஊன்றிப் பக்கத்தை மறைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் அந்தக் கேடயம் உட்காராது, ஆகவே 2.5 செ.மீ.யைத் தாண்டாதீர்கள்.